கரியும் வெள்ளியும்: உலோகமேந்திய காபன் நனோப்பொருள்களும் பற்றீரியா அழிப்பும்

1. முன்னுரை

நோய் விளைக்கும் பற்றீரியாக்களை அடக்குதற்கு இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் பெரிதும் நம்பியிருந்தது நுண்ணுயிர்கொல்லி மருந்துகளையே. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, அம்மருந்தைப் போதிய அளவிற் குறைவாக உட்கொள்வதனால் அதனை எதிர்த்து நிற்கவல்ல பற்றீரியாக்கள் தோன்றக்கூடும் என எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கை மெய்யாகிவிட்டது. 2022 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட உலகளாவிய மதிப்பீடொன்றின்படி, 2019 ஆம் ஆண்டில் மாத்திரம், மருந்தெதிர்ப்புப் பற்றீரியாக்கள் நேரடிக் காரணமாக ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். அத்தகைய தொற்றுகளோடு ஏதோவொரு வகையில் தொடர்புற்ற இறப்புகளையும் கூட்டினால் தொகை ஏறத்தாழ 49 இலட்சத்து 50 ஆயிரம் ஆகின்றது.

இந்நெருக்கடி ஆய்வாளரை இரு திசைகளிற் செலுத்தியுள்ளது. ஒன்று, புதிய மருந்துகளைத் தேடுதல். மற்றையது, அம்மருந்துகள் தோன்றுவதற்கு முன்னரே மனிதன் அறிந்திருந்த உலோகங்களை, சிறப்பாக வெள்ளியையும் செம்பையும், புதிய வடிவிற் கையாளுதல். இவ்விரண்டாம் வழியில் இன்று பெரிதும் ஆராயப்படுவன, காபனாலான நனோப்பொருள்களின் மேற்பரப்பில் உலோக நுண்டுணிக்கைகளை ஏற்றிப் பெறப்படும் கூட்டுப்பொருள்களாகும். குடிநீர் வடிகட்டிகள், காயக்கட்டுத் துணிகள், மருத்துவக் கருவிகளின் பூச்சுகள் ஆகியவற்றில் இவற்றைப் பயன்படுத்துதல் குறித்துப் பல்லாயிரம் ஆய்வுகள் வெளிவந்துள்ளன.

ஆயின், 'பற்றீரியாவை அழிக்கும்' என்னும் ஒரே சொற்றொடர் வெவ்வேறான பல நிகழ்ச்சிகளைத் தன்னுள் மறைத்துவைத்திருக்கின்றது. கொல்வது உலோகமா, கரியா? கொல்கின்றதா, வளரவிடாது தடுக்கின்றதா, அன்றி வெறுமனே சுற்றிப் பொதிகின்றதா? ஆய்வுகூடத்துத் தூய நீரிற் செய்வதைக் கிணற்று நீரிலும் செய்யுமா? இவ்வினாக்களுக்கு விடை காணாது இப்பொருள்களின் பயனை மதிப்பிடுதல் இயலாது. கொல்லும் தொழிலைப் பெரும்பாலும் உலோகமே செய்கின்றது. கரியின் தொழில் அவ்வுலோகத்தை ஏந்திக் காத்து அளவாக விடுதலே. எனவே, இத்தகைய பொருளொன்றின் தகுதி, ஒரு நாட் பரிசோதனையில் அது எத்தனை பற்றீரியாவைக் கொன்றது என்பதிலும் பார்க்க, அது பயன்படப்போகும் நீரில் உலோகத்தை எவ்வளவு காலம், எவ்வளவு உறுதியாகப் பிடித்துவைக்கின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. இக்கருத்தினையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

2. உலோகத்தின் பழம்புகழ்

வெள்ளிப் பாத்திரத்து நீர் கெடாது என்னும் நம்பிக்கை பல சமுதாயங்களிலும் இருந்துவந்தது. அதனை அறிவியற் கண்கொண்டு முதலில் ஆராய்ந்தவருள் சுவிற்சலாந்துத் தாவரவியலாளரான கார்ல் நேகெலி குறிப்பிடத்தக்கவர். செம்பு, வெள்ளி முதலியவற்றின் அற்பசொற்ப அளவு கரைந்த நீரில் ஸ்பைரோகைரா என்னும் அல்கா இறந்துபடுவதை அவர் கண்டார். மிகச் சிறு அளவிலேயே விளையும் இவ்வாற்றலுக்கு அவர் ஒரு தனிப்பெயரும் இட்டார். அவர் 1891 இல் மறைந்த பின், 1893 இல் அவ்வாய்வு அச்சேறியது.

மருத்துவத்தில் வெள்ளியின் பயன் இதனினும் சற்று முந்தியது. செருமனியின் லைப்சிக் நகரத்து மகப்பேற்று மருத்துவரான கார்ல் கிரேடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் 2 சதவீத வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளியாக இடும் வழக்கத்தை 1880 இல் தொடக்கினார். தாயிடமிருந்து தொற்றும் கொனோரியாப் பற்றீரியாவினாற் குழந்தைகள் பார்வையிழத்தல் அதனாற் பெரிதும் குறைந்தது. 1965 இல் மோயர் என்பாரும் அவர்தம் குழுவினரும் தீக்காயங்களுக்கு 0.5 சதவீத வெள்ளி நைத்திரேற்றைப் பயன்படுத்துதலைப் புதுப்பித்தனர். 1968 இல் சார்ல்ஸ் பொக்ஸ் வெள்ளி சல்பாடயசீன் களிம்பை அறிமுகஞ் செய்தார். செம்பைப் பொறுத்தவரை, 2008 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் செப்புக் கலப்புலோகங்கள் சிலவற்றைப் பற்றீரியாவை அழிக்கும் மேற்பரப்புகளாகப் பதிவு செய்தது. இவ்வாறாக, உலோகத்தின் கொல்லும் ஆற்றல் புதிய கண்டுபிடிப்பன்று. அதனைக் கையாளும் முறையே புதியது.

3. உலோகம் கொல்லுமாறு

திண்ம வெள்ளி தானாகப் பற்றீரியாவைக் கொல்வதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள அணுக்கள் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனால் ஒட்சியேற்றப்பட்டு, ஒவ்வோர் அணுவும் ஓர் இலத்திரனை இழந்து, வெள்ளி அயனாகி நீருட் செல்கின்றது. இவ்வயனே கொல்லி.

வெள்ளி அயனுக்குக் கந்தகத்தின்பால் மிகுந்த நாட்டம் உண்டு. பற்றீரியாக் கலத்தின் புரதங்கள் பலவற்றில் கந்தகமும் ஐதரசனும் இணைந்த தயோற் கூட்டங்கள் அமைந்துள்ளன. அயன் அவற்றோடு பிணையும்பொழுது நொதியங்கள் தம் வடிவையும் தொழிலையும் இழக்கின்றன. கலமென்சவ்வில் நடைபெறும் சுவாசத்தொடர் குலைகின்றது. மென்சவ்வினூடாகப் பொருள்கள் ஒழுகத் தொடங்குகின்றன. உட்புகுந்த அயன்கள் டீ.என்.ஏ. யையும் தாக்கி அது இரட்டிப்பதைத் தடுக்கின்றன. செம்பு அயனோ, இவற்றோடு, தான் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் மாறிமாறி அடைவதனால் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலிகங்களையும் கலத்தினுள்ளே பிறப்பிக்கின்றது. ஒரு மருந்து பொதுவாக ஓரிலக்கையே தாக்குகின்றது. உலோக அயன் பல இலக்குகளை ஒருங்கே தாக்குகின்றது. உலோகத்தை எதிர்த்து நிற்றல் பற்றீரியாவுக்கு ஒப்பளவில் அரிதாயிருப்பதற்கு இதுவே காரணம். அரிதேயன்றி இயலாததன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

அயன்தான் கொல்கின்றதா, அன்றி நனோத்துணிக்கையே தன் வடிவினாற் கொல்கின்றதா என்பது நெடுநாள் வாதத்திற்குரியதாய் இருந்தது. 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இவ்வினாவை நேரிய முறையில் அணுகினர். அவர்கள் ஒட்சிசன் அறவே அற்ற சூழலில் எசெரிக்கியா கோலை பற்றீரியாவை வெள்ளி நனோத்துணிக்கைகளுக்கு ஆட்படுத்தினர். ஒட்சிசன் இன்மையால் துணிக்கையிலிருந்து அயன் பிறக்கவில்லை. அயனின் கொல்செறிவினும் பன்மடங்கு மிகுதியாகத் துணிக்கைகளை இட்டபோதும் பற்றீரியாக்கள் இறக்கவில்லை. நனோத்துணிக்கை என்பது அயன்களின் களஞ்சியமே என்பது இதனாற் பெறப்படும்.

4. நுண்மையின் பயனும் இடர்ப்பாடும்

களஞ்சியம் எனின், அதனை ஏன் இத்துணை நுண்ணியதாக்கல் வேண்டும்? விடை பரப்பளவில் உள்ளது. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுடைய வெள்ளிக் கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே வெள்ளியை 10 நனோமீற்றர் பக்கமுடைய கனவுருக்களாகப் பகுத்தால், மொத்த மேற்பரப்பு பத்து இலட்சம் மடங்காகி 600 சதுர மீற்றரை எட்டுகின்றது. ஒட்சியேற்றம் மேற்பரப்பிலேயே நிகழ்வதாகலின், அயன் பிறக்கும் வேகமும் அதற்கேற்ப உயர்கின்றது. எசெரிக்கியா கோலை ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர் நீளமுடையது. 10 நனோமீற்றர் துணிக்கைகள் இருநூற்றை வரிசையாக வைத்தால் அந்நீளமாகும். எனவே துணிக்கை பற்றீரியாவின் மேற்பரப்பையே ஒட்டியிருந்து, அயனை இலக்கின் வாயிலிலேயே விடவும் கூடும்.

ஆயின் நுண்மை தன்னோடு ஓர் இடர்ப்பாட்டையும் கொணர்கின்றது. பெரும் மேற்பரப்புடைய துணிக்கைகள் மேற்பரப்புச் சக்தி மிக்கவை. அச்சக்தியைக் குறைக்குமாறு அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. உப்பு மிக்க நீரில் இத்திரட்சி விரைவில் நிகழும். திரண்டபின் பரப்பளவு குன்றி, அயன் பிறப்பும் குன்றும். அன்றியும், தளையின்றி நீரில் மிதக்கும் துணிக்கை நீரோடு சென்றுவிடும். பருகுவோர் உடலையும் கழிவுநீரையும் அடையும். துணிக்கைகள் திரளாதிருத்தல், ஓடாதிருத்தல் ஆகிய இவ்விரு தேவைகளுமே கரியை அழைத்துவந்தன.

5. ஏந்தியாகிய கரி

காபன் பல வடிவுகளில் இத்தொழிலுக்கு உதவுகின்றது. யாவரும் அறிந்தது செயற்படுத்திய கரி. சிரட்டை முதலியவற்றைக் காற்றின்றிச் சுட்டுக் கரியாக்கிப் பின் உயர் வெப்பத்தில் நீராவியாற் குடைவித்தால், ஒரு கிராம் கரியில் 1,000 சதுர மீற்றர் அளவினதான உட்பரப்பு உண்டாகின்றது. இதன் துளைகளுட் பல நனோமீற்றர் அளவின. ஆகவே, 'நனோ' என்னும் அடைமொழி வழக்கிற்கு வருமுன்னரே மனிதன் நனோக் கட்டமைப்புடைய காபனைக் கையாண்டுவந்தான் எனலாம்.

இரண்டாவது, காபன் நனோக்குழாய். யப்பானிய ஆய்வாளர் சுமியோ இயிசிமா 1991 இல் வெளியிட்ட ஆய்வின் பின் இது பரவலான கவனத்தைப் பெற்றது. மூன்றாவது, கிரபீன். காரீயம் என நாம் வழங்கும் பென்சிற்கரி, அறுகோண வலைபோற் பின்னிய காபன் அணுத்தகடுகளின் அடுக்கேயாகும். அத்தகடுகளுள் ஒன்றைத் தனித்தெடுத்தாற் கிரபீன். மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அந்திரே கைம், கொன்ஸ்தந்தீன் நொவொசெலொவ் ஆகியோர் 2004 இல் இதனைத் தனிப்படுத்தி ஆராய்ந்தமைக்காக 2010 ஆம் ஆண்டிற்குரிய பௌதிக நோபல் பரிசைப் பெற்றனர். ஒரு கிராம் கிரபீனின் பரப்பு, கொள்கையளவில், ஏறத்தாழ 2,630 சதுர மீற்றராகும்.

உலோகத்தை ஏற்றுதற்குத் தூய கிரபீனிலும் கிரபீன் ஒட்சைட்டே உகந்தது. காரீயத்தை வன்மையாக ஒட்சியேற்றும் முறையைப் பிரோடி 1859 இலேயே காட்டினார். கமேசு, ஓபமன் ஆகியோர் 1958 இல் வெளியிட்ட, சல்பூரிக்கமிலமும் பொற்றாசியம் பேர்மங்கனேற்றும் கொண்டு செய்யும் முறையே இன்றும் பெருவழக்கு. இவ்வாறு பெறும் தகட்டில் காபொட்சிலிக், ஐதரொட்சில் முதலிய ஒட்சிசன் கூட்டங்கள் விளிம்பிலும் நடுவிலும் முளைத்து நிற்கின்றன. நீரில் இவற்றுட் பல எதிரேற்றம் பெறும்; நேரேற்றமுடைய வெள்ளி அயனை இழுத்துத் தம்பாற் கட்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலோடு இத்தகட்டைக் கலந்து, சோடியம் போரோஐதரைட்டு, சித்திரேற்று, அல்லது தாவரச் சாறு போன்ற தாழ்த்தியொன்றைச் சேர்த்தால், கட்டப்பட்ட இடங்களிலேயே அயன்கள் அணுக்களாகி, நுண்டுணிக்கைகளாய் விளைகின்றன. ஒன்றிலிருந்தொன்று விலகியே ஊன்றப்பட்டமையால் அவை எளிதில் திரள்வதில்லை. வயலில் விதையை ஒரே குவியலாக இடாது பரவி நடுதலை ஒத்தது இது.

6. கரி தானே கொல்லுமா?

இவ்விடத்தில் முரண்பட்ட முடிவுகள் பல உள. 2007 இல் யேல் பல்கலைக்கழகத்தினர், தூய ஒற்றைச்சுவர் நனோக்குழாய்கள் எசெரிக்கியா கோலையின் மென்சவ்வைச் சிதைப்பதாகக் காட்டினர். 2010 இல் தெஹ்ரான் ஆய்வாளர் கிரபீன் விளிம்புகளின் கூர்மை பற்றீரியாவைக் காயப்படுத்துவதாக அறிவித்தனர். இதிலிருந்து, கரித்தகடே ஒரு கத்தி என்னும் கருத்து பரவிற்று.

ஆயின் 2011 இல் வெளியான வேறோர் ஆய்வில், கிரபீன் ஒட்சைட்டு சேர்க்கப்பட்ட ஊடகத்தில் பற்றீரியாக்கள் இறவாதது மட்டுமன்றி விரைந்தும் வளர்ந்தன. தகடு அவற்றுக்குப் பற்றிப் படரும் தளமாய் அமைந்தது. அதே ஆண்டில், முன்னர்க் கூறிய தெஹ்ரான் ஆய்வாளர்களே, கிரபீன் தகடுகளாற் பொதியப்பட்டு ஊட்டமிழந்து செயலற்றிருந்த பற்றீரியாக்கள், மீயொலி அதிர்வினாற் பொதி அவிழ்க்கப்பட்டதும் மீண்டும் பெருகியதைக் காட்டினர். 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வு, நன்கு கழுவித் தூய்மைப்படுத்திய கிரபீன் ஒட்சைட்டு பற்றீரியாவைக் கொல்வதில்லை என்றும், கழுவாது எஞ்சிய அமிலம் முதலிய மாசுகளே கொல்கின்றன என்றும் எடுத்துக்காட்டியது.

இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, கரியின் கொல்திறன் அதன் வகை, தூய்மை, ஊடகம் ஆகியவற்றுக்கேற்ப மாறுவது. ஒருபொழுதும் உறுதியாக நம்பத்தக்கதன்று என்னும் முடிவிற்கே நாம் வருகின்றோம். பரிசோதனை செய்வோர்க்கும் இதிலொரு பாடமுண்டு. பொதியப்பட்ட கலத்தை இறந்த கலமாக எண்ணிவிடல் ஆகாது. அவ்வாறே, வெள்ளியிட்ட நீரிலிருந்து மாதிரியெடுத்து ஊடகத்தில் வளர்க்கும்பொழுது, உடன் செல்லும் வெள்ளி அங்கும் வளர்ச்சியைத் தடுக்கும். தயோகிளைக்கொலேற்று போன்ற கந்தகச் சேர்வையொன்றால் அவ்வெள்ளியை முதலிற் செயலிழக்கச் செய்யாவிடின், உயிரோடிருப்பவையும் இறந்தவையாகவே கணக்கிடப்படும்.

7. சதவீதக் கணக்கு

'99 சதவீதம் அழிந்தது' என்னும் கூற்று கேட்போரை மயக்கவல்லது. ஒரு மில்லிலீற்றரிற் பத்து இலட்சம் பற்றீரியாக்கள் இருப்பின், 99 சதவீதம் அழிந்தபின் பத்தாயிரம் எஞ்சும். ஊட்டமும் வெப்பமும் வாய்ப்பின் எசெரிக்கியா கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்கும். அப்பத்தாயிரம் மீண்டும் பத்து இலட்சமாக ஏழு இரட்டிப்புகள் போதும். அஃதாவது இரண்டு மணி இருபது நிமிடம். இதனாலேயே நுண்ணங்கியியலார் அழிவைச் சதவீதத்தாற் கூறாது, பத்தின் அடுக்குகளாற் கூறுகின்றனர். பத்து இலட்சத்தில் ஒன்றே எஞ்சுமாயின் அது ஆறு அடுக்குக் குறைவு. ஒரு பொருளைப் பற்றிக் கேட்கவேண்டியது 'எத்தனை சதவீதம்' என்பதன்று. 'எத்தனை அடுக்கு, எவ்வளவு நேரத்தில், எத்தனை நாட்களின் பின்னும்' என்பதேயாம்.

8. வீட்டு வடிகட்டியும் கிணற்று நீரும்

கரியும் வெள்ளியும் இணைந்த பொருள் மக்கள் வாழ்வில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டது. வீடுகளிற் பயன்படும் நீர் வடிகட்டிகள் பலவற்றில் வெள்ளியூட்டிய செயற்படுத்திய கரி உள்ளது. அங்கு வெள்ளி எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதைப் பயனாளர் பலர் அறியார். கரி நீரிலுள்ள குளோரினையும் சேதனப் பொருள்களையும் உறிஞ்சுகின்றது. குளோரின் நீங்கியதும் பற்றீரியாவைத் தடுப்பார் இல்லை. உறிஞ்சப்பட்ட சேதனப் பொருளோ அவற்றுக்கு உணவு. எனவே கரிப்படுக்கையே பற்றீரியாக்களின் வளர்ப்புநிலம் ஆகக்கூடும். அவ்வளர்ச்சியைத் தணித்தற்கே வெள்ளி. அது கரியைக் காக்கும் காவலேயன்றி, மாசடைந்த நீரைக் குடிநீராக்கும் மருந்தன்று. உலக சுகாதார நிறுவனமும் வெள்ளியைக் குடிநீரின் முதன்மைத் தொற்றுநீக்கியாக ஏற்கவில்லை. வைரசுகளின் மீதும், ஒருகல உயிரிகளின் தடித்த சிறைப்பைகளின் மீதும் வெள்ளியின் ஆற்றல் நம்பத்தக்கதன்று. ஐயத்திற்குரிய நீரை இவ்வடிகட்டியில் ஊற்றிக் கொதிக்கவைக்காது பருகும் குடும்பம், தான் பெறாத பாதுகாப்பைப் பெற்றதாக எண்ணுகின்றது.

நீரின் இயல்பும் இங்கு கருதத்தக்கது. வெள்ளி அயனுக்குக் குளோரைட்டு கொடிய பகை; இரண்டும் சேர்ந்து கரையுந்திறன் மிகக் குறைந்த வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படிகின்றன. இலீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள நீரில், கரைதிறன் பெருக்கத்தின்படி, தனித்த வெள்ளி அயனின் செறிவு இலீற்றருக்கு ஏறத்தாழ 3 மைக்கிரோகிராமை விஞ்சவியலாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடிநீர் சுண்ணாம்புக்கற் படைகளிலே தங்கியிருப்பது, வன்மை மிக்கது, கடல்நீர் ஊடுருவிய கரையோரக் கிணறுகளில் அதன் குளோரைட்டு மேற்கூறிய அளவையும் கடக்கும். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அச்சுண்ணாம்புக்கல்லினூடாக மலகூடக் குழிகளின் கசிவு கிணறுகளை எளிதிற் சென்றடைவதும் அறியப்பட்டதே. பற்றீரியா அழிப்பு மிகவும் வேண்டப்படும் நீரே, வெள்ளியின் ஆற்றலை மிகவும் மட்டுப்படுத்தும் நீராகவும் அமைந்துவிடுகின்றது. கல்சியம், மகனீசியம் அயன்கள் கிரபீன் ஒட்சைட்டின் எதிரேற்றத்தை நடுநிலையாக்கித் தகடுகளைத் திரளச் செய்கின்றன. இயற்கைச் சேதனப் பொருளும் சல்பைட்டும் அயனைப் பிணைத்துவிடுகின்றன. தூய நீரிற் கண்ட முடிவை அப்படியே இந்நீருக்கு உரைத்தல் எவ்வாற்றானும் பொருந்தாது.

9. எதிர்ப்புத்திறன்

பற்றீரியாக்கள் உலோகத்தையும் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். 1975 ஆம் ஆண்டிலேயே, பொஸ்தன் நகரின் மருத்துவமனையொன்றின் தீக்காயப் பகுதியில், வெள்ளி நைத்திரேற்றையும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் இரண்டையும் ஒருங்கே எதிர்த்த சல்மனெல்லா கண்டறியப்பட்டது. அதன் எதிர்ப்புத்திறனுக்குரிய பரம்பரையலகுகள் ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவல்ல பிளாசுமிட்டில் இருந்தன. 1999 இல் அவ்வலகுகளின் ஒழுங்கு தெளிவாக்கப்பட்டபோது, அவை வெள்ளி அயனைப் பிணைக்கும் புரதத்தையும், அதனைக் கலத்தின் வெளியே இறைத்துத் தள்ளும் பொறிமுறையையும் ஆக்குவன எனத் தெரியவந்தது. வெள்ளியெதிர்ப்பும் மருந்தெதிர்ப்பும் ஒரே பிளாசுமிட்டில் அமைதலின், வெள்ளியைக் கண்டபடி பரப்புதல் மருந்தெதிர்ப்பையும் உடன் வளர்க்கக்கூடும். இதுவே கவலைக்குரியது.

நனோ வடிவும் இதற்கு விலக்கன்று. 2018 இல் செக் குடியரசின் ஒலொமோக் நகரத்து ஆய்வாளர், வெள்ளி நனோத்துணிக்கைகளுக்கு மீண்டும் மீண்டும் ஆட்படுத்தப்பட்ட எசெரிக்கியா கோலையும் சூடோமோனாசும் எதிர்ப்பைப் பெற்றதைக் காட்டினர். அவற்றிற் பரம்பரையலகு மாற்றம் எதுவும் நிகழவில்லை. அவை தம் சவுக்குமுளைக்குரிய பிளாசெலின் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரந்து, அதனால் துணிக்கைகளை ஒட்டித் திரளச் செய்துவிட்டன. நாம் மேலே துணிக்கைகளின் இயல்பான இடர்ப்பாடாகக் கூறிய திரட்சியையே பற்றீரியா தன் படைக்கலமாக்கிக்கொண்டது. மாதுளந்தோற் சாற்றினாற் பிளாசெலின் ஆக்கம் தடுக்கப்பட்டபோது அவ்வெதிர்ப்பும் மட்டுப்பட்டது.

இங்கேதான் கரியின் உண்மைப் பயன் புலனாகின்றது. 2021 இல் அதே நகரத்து ஆய்வுக்குழு, நைத்திரைல் கூட்டங்கள் பொருத்திய கிரபீனில், அஃதாவது சயனோகிரபீனில், வெள்ளியைப் பங்கீட்டு வலுவுள்ள பிணைப்பினால் உறுதியாகக் கட்டியது. கட்டப்பட்ட வெள்ளி எளிதிற் கழன்றோடவில்லை. பிளாசெலினால் அதனைத் திரட்டவும் இயலவில்லை. நனோத்துணிக்கைகளை எதிர்த்துநின்ற பற்றீரியாக்கள் இப்பொருளின் மிகக் குறைந்த செறிவிலேயே அழிந்தன. வெள்ளியின் அளவைக் கூட்டியதனாலன்றி, அதன் பிணைப்பை வலுப்படுத்தியதனால் விளைந்த வெற்றி இது. கரியைக் கத்தியாகக் காண்பதினும் கையாகக் காண்பதே பொருத்தம் என்பதற்கு இவ்வாய்வு தக்க சான்றாகும்.

10. தீங்குகள்

அளவு கடந்த வெள்ளி உடலிற் படிந்து தோலை நீலச்சாம்பல் நிறமாக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் வரையான வெள்ளி தீங்கின்றி ஏற்கத்தக்கது எனக் கருதியுள்ளது. பிணைப்பு உறுதியற்ற வடிகட்டியொன்று பாவனையின் முதல் நாட்களில் மிகுதியான வெள்ளியை விட்டுப் பின் வெறுங்கரியாக எஞ்சக்கூடும். முதற்கண் மிகையும் பின்னர்க் குறையும் என இரு வழியாலும் அது பிழைக்கின்றது. வெள்ளியூட்டிய காலுறைகளைக் கழுவிய நீரில் வெள்ளி வெளியேறுவதை 2008 இல் அமெரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினர். அந்நீர் சென்றடையும் கழிவுநீர்த் தொட்டிகளின் பயன்தரும் பற்றீரியாக்களுக்கும் அது பகையே. காபனும் எல்லா வடிவிலும் தீங்கற்றதன்று. நீண்ட பன்சுவர் நனோக்குழாய்கள் எலிகளின் வயிற்றறையில் அசுபெசுத்தசு நாரினை ஒத்த அழற்சியை உண்டாக்கியமை 2008 இல் அறிவிக்கப்பட்டது. இப்பொருள்களைக் கைகொள்வோரும், ஆக்கும் தொழிலாளரும் அவற்றின் தூசியைச் சுவாசியாதிருத்தல் இன்றியமையாதது.

11. நம் நாட்டு மூலப்பொருள்கள்

இத்துறை இலங்கைக்கு அயலானதன்று. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருணாகல் மாவட்டத்துக் ககட்டககையிலும் அகழப்படும் நரம்புப் படிவக் காரீயம் உயர் தூய்மையால் உலகப் புகழ் பெற்றது. சிரட்டைக்கரியிலிருந்து ஆக்கப்படும் செயற்படுத்திய கரி நம் ஏற்றுமதிகளுள் ஒன்று. கிரபீன் ஒட்சைட்டுக்கும் வெள்ளியூட்டிய கரிக்கும் வேண்டிய காபன் இரண்டும் இம்மண்ணிலேயே உள்ளன. மூலப்பொருள் இருப்பதனாற் பயன் தானாக விளைந்துவிடாது. நம் கிணற்று நீரின் குளோரைட்டு, வன்மை, சேதனப் பொருள் ஆகியவற்றைக் கொண்டே இப்பொருள்களைச் சோதித்து, நமக்குரிய அளவுகோல்களை வகுப்பதே பல்கலைக்கழக இரசாயன, நுண்ணங்கியியற் பகுதிகள் ஆற்றவேண்டிய பணியாகும். இதற்குப் பெருஞ்செலவுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் முன்னதாக, பல வாரங்கள் தொடர்ந்து நீர் செலுத்தி, நாள்தோறும் வெளியேறும் வெள்ளியையும் எஞ்சும் பற்றீரியாவையும் அளக்கும் பொறுமை வேண்டும்.

12. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உலோகமேந்திய காபன் நனோப்பொருளொன்றை மதிப்பிடுவோர் நான்கு வினாக்களை எழுப்புதல் தகும் என்பது புலப்படும். கொல்வது எந்த அயன். அது எவ்விதம் பிறக்கின்றது? கரி அவ்வுலோகத்தை எத்தகைய பிணைப்பினாற் பற்றியுள்ளது. எவ்வளவு காலம் பற்றியிருக்கும்? சோதனை எந்நீரில், எவ்வகைக் கணக்கினால் நிகழ்ந்தது? எஞ்சிய பற்றீரியாவுக்கும் வெளியேறிய உலோகத்துக்கும் நேர்ந்தது யாது? இவற்றுக்கு விடை கூறாத பொருள், எத்துணை ஆரவாரத்தோடு வரினும், ஐயத்தோடு நோக்கப்படவேண்டியதே.

பெனிசிலினைப் போன்றே வெள்ளியும் அழியவல்ல செல்வம். ஒன்றனைக் காலுறையிலும் சீப்பிலும் பல்தூரிகையிலும் இறைத்துவிட்டு, மற்றையது கைகொடாத நாளிலே தீக்காயப் படுக்கையில் அதனைத் தேடுதல் அறிவுடைமையாகாது. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், கழன்றோடாவண்ணம் உலோகத்தைப் பிடித்துவைத்தற்குரிய வழியைக் கரி காட்டியுள்ளது. அவ்வழியே ஆய்வுகள் மேலும் செல்லுமாயின், மருந்துகள் தோற்கும் இடங்களிற் சிலவற்றிலேனும் நமக்கு ஒரு துணை கிட்டும் என எதிர்பார்த்தல் தவறாகாது.